வயிற்றில் கோப்பை வைக்கும் வைத்தியம் - ஒரு வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார்களும் செல்போன்களும்தான் நினைவுக்கு வரும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு கொரியா, தைவான், சீனா என்று பல இடங்களிலிருந்தும் வேலை நிமித்தமாக இங்கே ஆட்கள் வந்தார்கள். இவர்கள் எல்லோருடைய ஊரிலும் ஒரு பழைய வைத்தியம் உண்டு. உடம்பில் கோப்பையைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச விடும் 'கப்பிங்' முறைதான் அது. முதுகு வலிக்கு மட்டுமல்ல, வயிற்று உப்புசத்துக்கும் மலச்சிக்கலுக்கும்கூட இதைச் செய்கிறார்கள்.

சீனாவில் எப்படி வந்தது?

1973-ல் சீனாவின் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ஐச் சேர்ந்த கல்லறையிலிருந்து பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ நூல் ஒன்று கிடைத்தது. மூல நோய்க்குச் சிறிய கொம்பை வைத்து உறிஞ்சும் முறை அதில் இருக்கிறது. பிறகு கொம்பு போய் மூங்கில் குழாயும் மண் குடுவையும் வந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஜாவ் ஷ்யூமின் என்ற அறிஞர், நெருப்பிட்ட குடுவை தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் உதவும் என்று எழுதினார்.

வயிற்றில் 'குளிர்' தங்கி ஓட்டம் தடைபடுவதுதான் அஜீரணத்துக்குக் காரணம் என்பது சீன மருத்துவத்தின் கருத்து. அதனால் தொப்புளுக்கு இரு பக்கமும் உள்ள 'தியன்ஷூ', தொப்புளுக்கு மேலே உள்ள 'சோங்வான்' ஆகிய இடங்களில் கோப்பை வைப்பார்கள்.

நமக்குப் புதியதா?

இல்லை. கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை ஆகிய மூன்றாலும் ரத்தம் எடுப்பதை சுஸ்ருத சம்ஹிதை விளக்குகிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சலும் ஒன்று. யுனானியில் இதன் பெயர் ஹிஜாமா. குழந்தைக்கு வயிறு உப்பினால் 'தொக்கம்' எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கம் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊதியோ உறிஞ்சியோ, உள்ளே சிக்கிய உணவு வந்துவிட்டதாக ஒரு துணுக்கைக் காட்டுவார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

கோப்பையில் சூடான காற்று ஆறும்போது அழுத்தம் குறைகிறது. அதனால் தோல் மேலே எழும்புகிறது. சிறு ரத்த நாளங்கள் உடைந்து வட்டத் தழும்பு விழுகிறது. அவ்வளவுதான். குடலில் இருக்கும் எதுவும் தோல் வழியாக வெளியே வராது. கோப்பையின் சூடு கொஞ்சம் இதமாக இருக்கலாம். ஆனால் செரிமானக் கோளாறை இது குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஆபத்து தழும்பில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. குடல்வால் அழற்சியின் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும், பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கும். சாதாரண வாயு என்று நினைத்துக் கோப்பை வைத்துக் காத்திருந்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதே தொழிற்பகுதியில் 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டது நல்ல சாப்பாடும் இருக்கத் தகுந்த இடமும்தான். வயிற்று நோய்க்கு முதல் மருந்தும் அதுதானே!