முதல் பரிந்துரையின் மூன்றாம் செய்தி: ஆஸ்திரேலிய வட ஆட்புலக் குழந்தைகள் அறிக்கை (2007) பற்றி ஒரு மறுவாசிப்பு

வட ஆட்புலத்தில் தொல்குடிக் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை ஆராய்ந்த ‘லிட்டில் சில்ட்ரன் ஆர் சேக்ரட்’ அறிக்கை 2007 ஜூன் 15 அன்று வெளியானது. ஆறு நாள் கழித்து, பிரதமர் ஜான் ஹோவர்டும் தொல்குடி விவகார அமைச்சர் மால் பிரஃபும் வட ஆட்புலத்தில் ‘தேசிய அவசர நடவடிக்கை’யை அறிவித்தார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வாளரிடையே ஒரு முடிவு நிலைபெற்றுவிட்டது: அறிக்கை வெறும் சாக்கு, அதில் கேட்டது ஒன்று, அரசு செய்தது வேறொன்று. அறிக்கையை எழுதிய ரெக்ஸ் வைல்டும் பேட் ஆண்டர்சனும் தங்கள் பரிந்துரைகளுக்கும் அறிவிக்கப்பட்ட நடவடிக்கைகளுக்கும் தொடர்பில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதன்பின் அந்த முடிவை மறுபடி சோதித்துப் பார்க்கும் தேவை யாருக்கும் எழவில்லை.

இந்த முடிவு பெருமளவு சரியானதுதான். ஆயினும் அது அறிக்கையை முற்றிலும் குற்றமற்ற பிரதியாக்கி, அதன் அமைப்பை ஆராயும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. அரசு அறிக்கையைப் புறக்கணித்தது என்பதைவிட, அதன் முதல் பரிந்துரையின் முற்பகுதியை எடுத்துக்கொண்டு பிற்பகுதியைக் கைவிட்டது என்று சொல்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. அப்படிக் கைவிடுவதற்கு அந்தப் பரிந்துரையின் கட்டமைப்பே இடம் கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

97 பரிந்துரைகளில் முதலாவது மூன்று செய்திகளைச் சொல்கிறது. வட ஆட்புலத்தில் தொல்குடிக் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த அவசரப் பிரச்சினையாக நடுவண் அரசும் ஆட்புல அரசும் அறிவிக்க வேண்டும் என்பது முதலாவது. இரண்டு அரசுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றின் வழியே கூட்டாகச் செயல்பட வேண்டும் என்பது இரண்டாவது. தொல்குடிச் சமூகங்களுக்கான திட்டங்களை வகுக்கும்போது அம்மக்களுடன் உண்மையான கலந்தாலோசனை நடத்த இரு அரசுகளும் உறுதிபூண வேண்டும், இது மிக முக்கியம் என்பது மூன்றாவது. அரசின் நடத்தையைக் கண்டிப்பவர்கள் எல்லோரும் இந்த மூன்றாவதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் காட்டுவது நியாயமே; ஆலோசனை என்று எதுவும் நடக்கவில்லை. ஆட்புல முதலமைச்சர் கிளேர் மார்ட்டினுக்கே விஷயம் கடைசி நேரத்தில்தான் எட்டியது.

ஆனால் இந்தப் பரிந்துரையில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். முதல் இரண்டு செய்திகளிலும் செயல்படுவோர் இரு அரசுகள் மட்டுமே. அறிவிப்பதும் அவர்கள், ஒப்பந்தம் செய்துகொள்வதும் அவர்கள். தொல்குடி மக்கள் மூன்றாவதில்தான் வருகிறார்கள். அங்கும் கருத்துக் கேட்கப்பட வேண்டியவர்களாகத்தான் வருகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பாக அவர்கள் இல்லை. அவர்களைக் கேட்காமல் செய்தது செல்லாது என்று சொல்லும் எந்த ஏற்பாடும் அந்தப் பரிந்துரையில் கிடையாது. ஆலோசனை நடத்துவது முழுக்க அரசின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. 260-க்கும் மேற்பட்ட சந்திப்புகள் நடத்தி, 45 சமூகங்களுக்கு நேரில் போய், 65 எழுத்து மனுக்களையும் பெற்ற ஒரு குழு, அந்த மக்களின் பேச்சை இத்தனை கவனமாகக் கேட்ட குழு, அவர்களுக்கு மறுக்கும் உரிமை என ஒன்றைப் பரிந்துரையின் முதல் பக்கத்தில் எழுதாமல் விட்டது விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி.

இதற்கு ஒரு மறுப்பு எதிர்பார்க்கத்தக்கது. குழுவை 2006 ஆகஸ்டில் நியமித்தது ஆட்புல அரசு. நியமித்த அரசிடம்தான் அது பேச முடியும். சமூகங்களைக் கையெழுத்திடும் தரப்பாக்க அதற்கு அதிகாரம் ஏது? பாதி ஏற்கத்தக்க மறுப்பு இது. ஆனால் தன்னை நியமிக்காத நடுவண் அரசையும் அதே பரிந்துரையில் குழு அழைத்தது. தங்களை நியமித்த அரசைத் தாண்டி ஒருமுறை பேசியவர்கள், இன்னொரு அடி வைத்திருக்க முடியாது என்று சொல்வது கடினம்.

அந்த அழைப்பின் சட்டப் பின்னணியும் ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 122-ஆம் பிரிவு, ஆட்புலங்களுக்காக எந்தச் சட்டத்தையும் இயற்றும் அதிகாரத்தை நடுவண் நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. குயின்ஸ்லாந்திலோ மேற்கு ஆஸ்திரேலியாவிலோ குழந்தைகள் பாதுகாப்பில் நடுவண் அரசு நேரடியாக நுழைய விரும்பினால், மாநிலத்துடன் பேசித்தான் ஆக வேண்டும். வட ஆட்புலத்தில் அந்தத் தேவை இல்லை. இது ஏட்டளவில் மட்டும் இருந்த அதிகாரம் அல்ல. கருணைக் கொலையை அனுமதித்து ஆட்புலச் சட்டமன்றம் 1995-இல் நிறைவேற்றிய சட்டத்தை நடுவண் நாடாளுமன்றம் 1997-இல் செயலிழக்கச் செய்தது. பல ஆண்டுகள் ஆட்புலத்தின் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநராக இருந்த ரெக்ஸ் வைல்டுக்கு இது தெரியாத செய்தி அல்ல. அப்படியிருக்க, ‘தேசிய அவசரம்’ என்ற அறிவிப்பை நடுவண் அரசிடம் கேட்பது, யாருடைய இசைவும் தேவைப்படாத ஒருவரை உள்ளே அழைப்பதாகும். இரண்டாம் செய்தியின் ஒப்பந்தமோ, சம வலிமையுள்ள இருவர் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. அந்தச் சமம் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

ஆசிரியர்களின் நோக்கத்தை இங்கு நான் ஐயுறவில்லை. அறிக்கையின் உடற்பகுதி, சமூகங்களுக்கு அதிகாரம் அளிப்பதையும் பள்ளி, குடிப்பழக்கம், வீட்டுவசதி, குடும்ப ஆதரவுச் சேவைகள் ஆகியவற்றையும் விரிவாகப் பேசுகிறது. தொல்குடி ஆண்கள் மட்டுமே குற்றவாளிகள் என்ற கட்டுக்கதையைப் பெயர் சொல்லியே மறுக்கிறது. தீர்வு வர ஒரு தலைமுறைக் காலமாகும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அந்தப் பக்கங்களைப் படிப்பவர், பெரும்பகுதி பேசப்படுவது பராமரிப்பின்மைக்கு வழிவிடும் நெடுங்கால வறுமையைப் பற்றித்தான் என்பதை உடனே உணர்வார். ஆனால் குழுவுக்கு இடப்பட்ட பணி பாலியல் கொடுமையைப் பற்றியது. 2006-இல் ஏபிசி தொலைக்காட்சியின் ‘லேட்லைன்’ நிகழ்ச்சி அதைப் பற்றி எழுப்பிய அதிர்ச்சியின் சூட்டில்தான் அந்தப் பணி வரையறுக்கப்பட்டது. இதனால் பல ஆண்டு வேலையைக் கோரும் சான்றுகளின் தலைமேல், உடனடி முடிவைக் கோரும் முதல் பரிந்துரை வந்து அமர்ந்தது. ஆட்சியாளர்கள் அறிக்கைகளின் முதல் பரிந்துரையைத் தாண்டி எவ்வளவு படிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா என்ன?

இனி, சட்டத்துக்கு வருவோம். 2007 ஆகஸ்ட் 7 அன்று ஏறத்தாழ 500 பக்க அளவிலான மசோதாக்கள் முன்வைக்கப்பட்டன. ஆகஸ்ட் 17-க்குள் அவை சட்டங்களாகிவிட்டன. இந்தச் சட்டங்களில் ‘குழந்தை’யே இல்லை என்பது மேடைகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் குற்றச்சாட்டு. உணர்ச்சிக்கு ஏற்ற வாதம்தான். ஆனால் சட்டத் தொகுப்பை முழுதாகப் பார்த்தால் நிற்காது. அவசர நடவடிக்கைச் சட்டத்துடன் சேர்ந்தே நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் குழந்தைகளைப் பற்றி நிறையவே பேசுகிறது. உண்மையில் இந்த இரண்டாவது சட்டம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் மிக வலுவான சான்று. கண்டிப்பவர்கள் அதை விட்டுவிட்டது வியப்பு.

அரசு தரும் நலத்தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, உணவு, வாடகை, உடை போன்ற தேவைகளுக்கு மட்டுமே செலவிடச் செய்யும் ஏற்பாடு வருமான மேலாண்மை. அதற்கு அந்தச் சட்டம் வெவ்வேறு வாயில்களை வைத்தது. அவற்றுள் ஒன்று குழந்தைகள் பாதுகாப்பு. மாநில அல்லது ஆட்புலக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு பெற்றோரைப் பற்றி எழுத்தில் அறிவித்தால், அந்தப் பெற்றோரின் தொகை மட்டும் மேலாண்மைக்குள் வரும். குழந்தை பள்ளியில் சேர்க்கப்படாதது, பள்ளிக்கு வராதது ஆகியவற்றுக்கும் தனித்தனி வாயில்கள் இருந்தன. இவையெல்லாம் ஒரு குறிப்பிட்ட குழந்தை, ஒரு குறிப்பிட்ட பெற்றோர், ஒரு குறிப்பிட்ட நடத்தை ஆகிய மூன்றையும் இணைக்கும் வழிகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பர்லியிலும் பெர்த் நகரின் கேனிங்டன் பகுதியிலும் 2008-இல் சோதனை முறையில் தொடங்கியபோது இந்த முதல் வழிதான் கையாளப்பட்டது.

வட ஆட்புலத்தின் 73 சமூகங்களுக்கு வைத்த வாயில் வேறு. அங்கே கேட்கப்பட்டது ஒரே கேள்வி: நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் தொகையில் பாதி பிடிக்கப்படும். குழந்தையே இல்லாத முதியவரின் ஓய்வூதியத்திலும் பாதி போகும். பிள்ளைகளை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பும் தாயின் தொகையிலும் பாதி போகும். அந்த முடிவை எதிர்த்துச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் முதலில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. பிறருக்கு அது திறந்தே இருந்தது. இந்த வேறுபாட்டைக் காக்கத்தான் 1975-ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இந்த நடவடிக்கைகளைத் தொடாதவாறு விலக்கப்பட்டது.

ஆகவே, குழந்தையையும் உதவித்தொகையையும் எப்படி இணைப்பது என்று சட்டத்தை வரைந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதே சட்டத்தின் வேறு பிரிவுகளில் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். தொல்குடிச் சமூகங்கள் என்று வந்தபோதுதான் அந்த இணைப்பை வேண்டாம் என்று வைத்தார்கள். தனி அலுவலர் தனிக் குடும்பத்தைப் போய்ப் பார்த்து எழுதும் அறிவிப்புக்கு ஆட்களும் நாட்களும் வேண்டும். வரைபடத்தில் எல்லை போடுவதற்கு அது எதுவும் வேண்டாம். பாதுகாப்புப் பணிக்குத் தேவைப்படும் உழைப்பை அவசரம் என்ற பெயரில் தவிர்த்ததாகவே இதை நான் வாசிக்கிறேன். மாற்று வாசிப்பு சாத்தியமே: அந்த அளவுக்கு அலுவலர்கள் ஆட்புலத்தில் இல்லை என்பது அரசுத் தரப்பு நியாயமாக இருக்கலாம். ஆனால் அலுவலர்கள் இல்லாததுதானே முதலில் சரிசெய்ய வேண்டிய குறை? ஆட்புலத்தின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பை 2010-இல் ஆராய்ந்த இன்னொரு விசாரணைக் குழு 147 பரிந்துரைகள் தந்தது. அமைப்பு தாங்க முடியாத பணிச்சுமையில் திணறுவதை அது பதிவுசெய்தது. அவசர நடவடிக்கை தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகான நிலை அது.

நடவடிக்கையை ஆதரித்த தொல்குடிப் பெண்களின் குரலை முன்வைத்து எழும் மறுப்பு ஒன்று உண்டு. அவர்கள் கேட்டது காவல் நிலையமும் இரவில் பயமில்லாத வீடும். அதைக் காலனியம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கோரிக்கை எல்லை வரைந்து ஓய்வூதியத்தைப் பிடிப்பதை நியாயப்படுத்துகிறது என்ற வாதத்தில் நின்று விவாதிக்க ஒன்றுமில்லை. தாமதம் ஆகியிருந்தால் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருப்பார்கள் என்ற வாதத்துக்கும் விடை நடவடிக்கையிலேயே இருக்கிறது: முதலில் குழந்தைகளுக்குக் கட்டாயம் என்று அறிவித்த மருத்துவப் பரிசோதனையை, மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அரசே விருப்பத்துக்கு விட்டது. அந்தப் பரிசோதனைகளில் தொடர்சிகிச்சைக்கு அதிகமாக அனுப்பப்பட்டவை காது நோயும் சொத்தைப் பல்லும். சிறாரைக் குறிவைக்கும் ஒழுங்கமைந்த குற்றக் கும்பல்கள் பற்றிய பேச்சுக்கும் ஆஸ்திரேலியக் குற்ற ஆணையம் தேடிய பிறகு ஆதாரம் கிடைக்கவில்லை.

2007-இன் முதல் பரிந்துரையில் விடுபட்ட இடத்தை அடையாளம் காண, அதற்குப் பின் வந்த ஆவணங்களோடு ஒப்பிடலாம். 2009-இல் நடுவண், மாநில, ஆட்புல அரசுகள் ஏற்ற குழந்தைகள் பாதுகாப்புக்கான தேசியச் சட்டகத்தில் தொல்குடிக் குழந்தைகளின் பாதுகாப்பு ஆறு நோக்கங்களில் ஒன்றாக இடம்பெற்றது. ஆனால் ஏற்றவை அரசுகளே. 2020 ஜூலையில் கையெழுத்தான ‘இடைவெளியைக் குறைக்கும்’ தேசிய உடன்பாட்டில்தான் தொல்குடி அமைப்புகளின் கூட்டணி, எல்லா அரசுகளோடும் சேர்ந்து, ஒரு தரப்பாகக் கையொப்பமிட்டது. குடும்பத்துக்கு வெளியே வளர்க்கப்படும் தொல்குடிக் குழந்தைகளின் மிகை விகிதத்தை 2031-க்குள் 45 சதவீதம் குறைப்பது அதன் பன்னிரண்டாம் இலக்கு. உற்பத்தித் திறன் ஆணையத்தின் அறிக்கைகள், இந்த இலக்கு எட்டப்படும் பாதையில் இல்லை என்கின்றன. கையெழுத்து மட்டும் போதாது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. ஆனால் 2007-இல் கையெழுத்தே இல்லாதபோது என்ன நடந்தது என்பதையும் அதே தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கனடா வேறு வழியில் போயிருக்கிறது: குழந்தை, குடும்ப நலச் சேவைகளில் முதற்குடிகளின் சொந்த அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது, 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆஸ்திரேலிய நடுவண் சட்டத்தில் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

அவசர நடவடிக்கைச் சட்டத்தின் இடத்துக்கு 2012-இல் வந்த சட்டம் 2022 ஜூலையில் காலாவதியாகிவிட்டது. இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் விலக்கு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுக்கு வந்தது. வருமான மேலாண்மை ஆட்புலம் முழுவதற்கும், எல்லா இனத்தவருக்கும் பொதுவாக்கப்பட்டது. 2023 மார்ச்சில் மேம்படுத்தப்பட்ட வருமான மேலாண்மை என்ற புதிய வடிவமும் நடைமுறைக்கு வந்தது.