பிளாக்கரன்ட் செடியின் ‘பின்திரும்பல்’ நோயும் மூலக்கூற்றுச் சோதனையும்

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் திடீர்க் கண்டுபிடிப்புகளது நிரலாக நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் நிலவுகின்றது. ஐரோப்பியச் சிறுகனிப் பயிரான பிளாக்கரன்ட்டைப் பீடித்த ஒரு நோயின் வரலாறு இந்நோக்கின் போதாமையை நமக்கு உணர்த்துகின்றது.

இந்நோய் பற்றிய செடி பூக்கும். ஆயின் காய்ப்பது அரிது. இலையின் நரம்புகள் குறைந்து வடிவமும் மாறும். செடி தன் காட்டு நிலைக்கு மீள்கின்றது என்ற கருத்திலேயே இதற்குப் ‘பின்திரும்பல்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. இவ்வாறு பெயரே விளக்கமாகிவிட்டது. 1927இல் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையத்தார், அரும்புகளில் வாழும் சிற்றுண்ணி ஒன்று இந்நோயைப் பரப்புவதைக் காட்டினர். நோய் தொற்றுவது என்பது தெளிவாயிற்று. தொற்றும் பொருள் யாதென்பது தெளிவாகவில்லை.

இக்குறைபாடு ஏட்டளவில் நின்றதன்று. பிளாக்கரன்ட் தண்டுத்துண்டுகளால் இனம்பெருக்கப்படுவதால் நோயுற்ற தாய்ச்செடி தோட்டம் முழுவதையும் கெடுக்கவல்லது. இரண்டாம் உலகப் போரின்போது தோடம்பழ இறக்குமதி தடைப்பட, பிரித்தானியக் குழந்தைகளுக்கு விற்றமின் சீ அளிக்கும் பயிராக அரசு இதனை ஊக்குவித்தது. ஆயினும் தாய்ச்செடியின் தூய்மையை அறிய, அதன் பகுதியை நலமான செடியில் ஒட்டி, ஈராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியிருந்தது.

1977இல் அதே நிலையத்தைச் சேர்ந்த கிளார்க், அடம்ஸ் ஆகியோர் நொதியம் இணைந்த பிறபொருளெதிரிச் சோதனையைத் தாவர வைரசுகளுக்கு ஏற்ப அமைத்தனர். எனினும் பிறபொருளெதிரியை ஆக்குவதற்கு வைரசு முதலிற் பிரித்தெடுக்கப்படல் வேண்டும். எனவே அறியப்படாத வைரசின் முன் இம்முறை செயலற்று நின்றது. 1997இலேயே பின்லாந்து, ஸ்கொட்லாந்து ஆய்வாளர் கூட்டாக அவ்வைரசைப் பிரித்து, நெப்போ வைரசுகளுடன் அதற்குள்ள உறவையும் நிறுவினர். அதன் ஆர்.என்.ஏ. வரிசை தெரிந்தபின், அதனை டி.என்.ஏ. ஆக மாற்றி, கரி முல்லிஸ் 1983இற் சிந்தித்த பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தாற் பெருக்கி இனங்காண்பது சாத்தியமாயிற்று. ஆண்டுகள் எடுத்த சோதனை சில நாள்களில் முடியலாயிற்று.

இடைப்பட்ட 70 ஆண்டுகளில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கருவியும் கூட்டுழைப்புமே முதிர வேண்டியிருந்தன. மூலக்கூற்று முறையும் குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. வைரசு செடியெங்கும் சமமாகப் பரவியிராமையால், ஓர் இலையில் அது காணப்படாமை செடியின் தூய்மைக்கு முழுச் சான்றாகாது. மேலும், இச்சோதனை நோயுற்ற செடியைக் குணப்படுத்துவதில்லை. அதனை விலக்கவே உதவுகின்றது. ஆதலின் சோதித்துத் தேர்ந்த தாய்ச்செடிகளைப் பேணி, அவற்றின் துண்டுகளைச் சிறு செய்கையாளருக்கும் எட்டும் விலையில் வழங்கும் பொது ஏற்பாடு இல்லாதவிடத்து, இவ்வறிவின் பயன் ஆய்வுகூடத்துடனேயே நின்றுவிடும் என்பது நமது துணிபு.