விசென்டே டெல் போஸ்கே

ஸ்பெயின் கால்பந்து நடுக்கள வீரர், பயிற்சியாளர். 1950 டிசம்பர் 23 அன்று சலமான்காவில் பிறந்தார். இரவலாக கஸ்தெயோன், கோர்தோபா அணிகளில் ஆடித் தேறியபின் ரியல் மாட்ரிட்டில் நிலைபெற்று, 5 லீக் பட்டங்களை வென்றார். ஓட்டத்தில் வேகம் குறைவு. பந்தைப் பகிர்வதில் நிதானம் அதிகம். 1984இல் ஓய்வுபெற்றார்.

1999இல் ரியல் மாட்ரிட்டின் பொறுப்பேற்று, 2000, 2002 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளையும் இரு லீக் பட்டங்களையும் பெற்றுத் தந்தார். 2003இல் லீக்கை வென்ற கையோடு நிர்வாகம் அவரைக் கழற்றிவிட்டது. அது நன்றிகெட்ட முடிவு மட்டுமல்ல, மடத்தனமானதும்கூட. அடுத்த மூன்று பருவங்களில் அந்த அணிக்குப் பெரிய கோப்பை எதுவும் கிட்டவில்லை. இடையே துருக்கியின் பெசிக்தாஸில் சிறிது காலம் பணியாற்றினார்.

2008இல் தேசிய அணிக்கு வந்தார். 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் ஸ்பெயின் தோற்றபோது, புஸ்கெட்ஸ், ஷாபி அலோன்சோ இருவரையும் தற்காப்புக்கு முன்னால் சேர்த்து நிறுத்தியதற்காகக் கண்டனம் எழுந்தது. அவர் அசையவில்லை. வெளியேற்றச் சுற்றின் நான்கு ஆட்டங்களையும் 1-0 என வென்று ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. 2012 யூரோ இறுதியாட்டத்தில், வழக்கமான முன்கள வீரர் இன்றித் தொடங்கி, இத்தாலியை 4-0 என வீழ்த்தியது. 2014 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியது. 2016 யூரோவில் இத்தாலியிடம் தோற்றபின் அவர் பதவி விலகினார். சாம்பியன்ஸ் லீக், உலகக் கோப்பை, யூரோ மூன்றையும் வென்ற ஒரே பயிற்சியாளர் இவரே.