சிக்கன மரபணுக் கருதுகோளும் பிமா மக்களும்

சிக்கன மரபணுக் கருதுகோள் என்பது, உடற்பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் சில மக்களிடம் மிகுந்து காணப்படுவதற்குப் பரம்பரையில் காரணம் தேடிய ஒரு விளக்கமாகும். அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் இதனை 1962-இல் முன்வைத்தார். நீரிழிவு உயிரைக் குடிக்கும் நோய், குடும்பங்களில் தொடர்வதும்கூட. அப்படியிருக்க, இயற்கைத் தேர்வு அதற்கான மரபணுக்களை ஏன் களைந்துவிடவில்லை என்பதே அவருடைய கேள்வி. வேட்டையாடி வாழ்ந்த முன்னோருக்கு உணவு கிடைத்த நாளும் பட்டினி நாளும் மாறி மாறி வந்தன. கிடைத்தபோது இன்சுலினை விரைந்து சுரந்து உணவைக் கொழுப்பாகச் சேமித்த உடலே பிழைத்தது. உணவுக்குக் குறைவில்லாத காலத்தில் அதே இயல்பு நோயாகிறது என்று அவர் விடை கூறினார்.

இக்கருத்துக்குச் சான்றாகப் பின்னாளில் மிகுதியாகக் காட்டப்பட்டவர்கள் அரிசோனா மாநிலத்தில் ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பிமா பழங்குடியினர். 1963-இல் மூட்டுவாதம் பற்றிய கணக்கெடுப்புக்காக அங்கு சென்ற ஆய்வாளர்கள், எதிர்பாராத வகையில் நீரிழிவு மிகப் பரவலாக இருப்பதைக் கண்டனர். 1965-இல் நீண்டகால ஆய்வு தொடங்கியது. ஐந்து வயதைக் கடந்த அனைவரும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டனர். 35 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருப்பதாக 1971-இல் அறிவிக்கப்பட்டது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200 மில்லிகிராம் என்று இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் எல்லையை வகுப்பதிலும் இம்மக்களின் இரத்தப் பரிசோதனைகளுக்குப் பங்குண்டு.

ஆனால் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1937-இல் அரிசோனாவின் பழங்குடியினரை ஆராய்ந்தபோது, நீரிழிவு அவர்களிடம் பிற அமெரிக்கர்களிடம் இருந்த அளவிலேயே இருந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மேலும், பிமா மக்கள் வேட்டையை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களும் அல்லர். தம்மை 'ஆற்று மக்கள்' என்று பொருள்படும் பெயராலேயே அழைத்துக்கொள்ளும் அவர்கள், வாய்க்கால் வெட்டிச் சோளமும் அவரையும் பூசணியும், ஸ்பானியர் வந்தபின் கோதுமையும் விளைவித்த உழவர்கள். 1849-இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிச் சென்றவர்களுக்கு உணவளித்தது அவர்களுடைய களஞ்சியமே. 1870-களில் மேற்பகுதியில் குடியேறியவர்கள் ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. அரசு வழங்கிய மாவும் சர்க்கரையும் பன்றிக்கொழுப்பும் உணவாயின. நீலின் கருதுகோள் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பஞ்சத்தைப் பேசியது. பிமா முதியவர்களின் நினைவில் இருந்த பஞ்சத்துக்கு அதில் இடமில்லை.

எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோரா மலைகளில் மைக்கோபா என்னும் ஊரில் அவர்களுடைய உறவினக் குழு ஒன்று உழுது வாழ்கிறது. 1994-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் அவர்கள் அரிசோனா பிமாக்களைவிடச் சராசரியாக 26 கிலோ எடை குறைந்திருந்தனர். 2006-இல் வெளியான விரிவான ஆய்வில் நீரிழிவு அங்கே 6.9 விழுக்காடு, அரிசோனாவில் 38 விழுக்காடு.

இதனால் பரம்பரைக்குப் பங்கில்லை என்றாகாது. அரிசோனாவிலேயே, நீரிழிவுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு நோய் அதிகம் வந்தது. ஆயினும், ஒரே தாயின் பிள்ளைகளுள் அவருக்கு நோய் வந்தபின் பிறந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்பது 2000-இல் தெரியவந்தது. கருப்பையின் சூழலும் கணக்கில் சேர்ந்தது. 2007-இல் ஐரோப்பியரிடம் அடையாளம் காணப்பட்ட எஃப்டிஓ மரபணு வகை, இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்குச் சுமார் மூன்று கிலோ எடையைக் கூட்டுகிறது. அதற்கு மேல் இல்லை. 2016-இல் சமோவாத் தீவினரிடம் கண்டறியப்பட்ட மரபணு வகை இன்னும் விந்தையானது: அது கொழுப்புச் சேமிப்பைக் கூட்டுகிறது, நீரிழிவு ஆபத்தையோ குறைக்கிறது. சிக்கனமும் நோயும் ஒன்றாகவே வரும் என்ற எண்ணத்துக்கு அது பொருந்தவில்லை.

நீலே 1982-இல் தம் கருதுகோளைத் திருத்தி எழுதினார். 2004-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின் வழியே, ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி நீருக்கான உரிமை கிடைத்தது.