இந்தியக் கால்பந்தாட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கைகள்

இந்தியக் கால்பந்தாட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கைகள் என்பன, தொழின்முறைத் தொடர்களில் விதிகளை மீறும் ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள், அலுவலர்கள், கழகங்கள் ஆகியோர் மீது எடுக்கப்படும் தண்டனை நடவடிக்கைகளாகும். ஆட்டத்தைப் பாதியில் கைவிடுதல், தடைசெய்யப்பட்ட ஆட்டக்காரரைக் களமிறக்குதல், தொடருக்கு அவப்பெயர் ஏற்படுத்துதல் முதலியன இத்தகைய மீறல்களுள் அடங்கும். 2012 ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த சில முக்கிய வழக்குகளில், ஒன்றுக்கொன்று நெருக்கமான தவறுகளுக்குப் பெரிதும் வேறுபட்ட தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவற்றுட் சில பின்னர் குறைக்கப்பட்டன, சில மாற்றப்பட்டன. இதனால் தண்டனையின் அளவு, அதனை விதிப்பவர், அதனைச் சுமப்பவர் ஆகிய மூன்றும் விவாதத்திற்குரிய பொருள்களாயின.

தண்டனை வகைகள்

கால்பந்துத் தொடர்களில் வழங்கப்படும் தண்டனைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- தனிநபர் தண்டனை: குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்டங்களுக்குத் தடை, அபராதம், வாழ்நாள் தடை.
- பணத் தண்டனை: கழகத்தின் மீது விதிக்கப்படும் அபராதம்.
- விளையாட்டுத் தண்டனை: ஆட்டத்தை எதிரணிக்கு வழங்குதல், புள்ளிக் குறைப்பு, கீழ்நிலைப் பிரிவுக்கு இறக்குதல், பட்டத்தைப் பறித்தல்.
- வெளியேற்றம்: தொடரிலிருந்து நீக்குதல்.

இவற்றுள் தனிநபர் தண்டனை பெரும்பாலும் தவறிழைத்தவரையே சேர்கிறது. ஏனையவை, தவறில் பங்கில்லாத ஆட்டக்காரர்கள், ஊழியர்கள், ஆதரவாளர்கள் ஆகியோரையும் பாதிக்கின்றன.

விசாரணை அமைப்பு

அனைத்திந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு முதல்நிலை விசாரணையை நடத்துகிறது. அதன் முடிவை எதிர்த்துக் கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். அதற்கும் மேலே, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1984 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் உள்ளது. எனினும் எல்லா வழக்குகளும் இவ்வழியில் சென்றதில்லை. ஐ-லீக் தொடரின் வழக்கொன்றில் கூட்டமைப்பின் செயற்குழுவே இறுதி முடிவை எடுத்தது. இந்தியன் சூப்பர் லீக்கின் தொடக்க ஆண்டுகளில் அத்தொடருக்கெனத் தனி ஒழுங்காற்று ஆணையம் இருந்தது.

முக்கிய வழக்குகள்

மோகன் பகான் (2012-2013)

2012 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா சால்ட் லேக் விளையாட்டரங்கில் மோகன் பகான், ஈசுட்டு பெங்கால் அணிகளுக்கிடையே ஐ-லீக் ஆட்டம் நடைபெற்றது. முற்பாதியில் ஈசுட்டு பெங்கால் ஒரு கோல் முன்னிலை பெற்றது. மோகன் பகானின் ஒடாபா ஒகோலி சிவப்பு அட்டை காட்டப்பட்டு வெளியேற்றப்பட்டார். பார்வையாளர் பகுதியிலிருந்து கற்கள் வீசப்பட்டதில் அவ்வணியின் ரகீம் நபி முகத்தில் காயமுற்றார். இடைவேளைக்குப் பின்னர் ஆட்டக்காரர்களின் பாதுகாப்பைக் காரணங்காட்டி மோகன் பகான் களமிறங்க மறுத்தது.

ஆட்டத்தைக் கைவிடும் அணிக்கு இரண்டாண்டு நீக்கம் என ஐ-லீக் விதிகள் கூறின. அதன்படி டிசம்பர் இறுதியில் மோகன் பகான் தொடரிலிருந்து நீக்கப்பட்டது. 1889 இல் தொடங்கப்பட்ட ஒரு கழகத்தின் எதிர்காலமே இதனால் கேள்விக்குறியானது. ஆனால் 2013 சனவரியில் கூட்டமைப்பின் செயற்குழு இத்தடையை நீக்கியது. மாற்றாக 2 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதுடன், அப்பருவத்தில் அதுவரை பெற்ற புள்ளிகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கிய அணி, கீழ்நிலைக்கு இறங்காமல் தப்பியது. 2014-15 பருவத்தில் அதே அணி ஐ-லீக் பட்டத்தையும் வென்றது.

எப்சி கோவா (2015-2016)

2015 டிசம்பர் 20 அன்று மட்காவ் பட்டோர்டா அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் சென்னையின் எப்சி 3-2 என்ற கணக்கில் எப்சி கோவாவை வென்றது. வெற்றியைத் தீர்மானித்த இரு கோல்களும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் விழுந்தன. ஆட்டம் முடிந்தபின் ஏற்பட்ட கைகலப்பைத் தொடர்ந்து, கோவா அணியின் இணை உரிமையாளர் ஒருவர் அளித்த புகாரின் பேரில் சென்னை அணித் தலைவர் எலானோ காவல்துறையினரால் பிடித்துவைக்கப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். கோவா அணி பரிசளிப்பு நிகழ்ச்சியைப் புறக்கணித்தது.

2016 மே மாதத்தில் தொடரின் ஒழுங்காற்று ஆணையம், தொடருக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதாகக் கூறி எப்சி கோவாவுக்கு 11 கோடி ரூபாய் அபராதமும் அடுத்த பருவத்தில் 15 புள்ளிகள் குறைப்பும் விதித்தது. இணை உரிமையாளர் இருவருக்கும் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் புள்ளிக் குறைப்பு நீக்கப்பட்டது, அபராதமும் குறைக்கப்பட்டது. 2016 பருவத்தில் அவ்வணி 14 ஆட்டங்களில் 14 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி இடத்தில் முடிந்தது. முதல் தீர்ப்பு நிலைத்திருந்தால், ஒரு பருவம் முழுதும் ஆடியபின்னும் அதன் கணக்கு சுழியத்துக்குக் கீழேயே இருந்திருக்கும்.

கேரளா பிளாஸ்டர்ஸ் (2023)

2023 மார்ச் 3 அன்று பெங்களூரு சிறீ கண்டீரவா அரங்கில் நடைபெற்ற வெளியேற்றச் சுற்று ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், பெங்களூரு எப்சியின் சுனில் சேத்ரி ஒரு தடையுதையை விரைந்து எடுத்துக் கோலாக்கினார். தடையுதையை நடுவரின் ஊதலுக்குக் காத்திராமல் எடுக்க ஆட்ட விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் தம் தடுப்பு அரணை அமைத்துக்கொண்டிருந்தபோதே பந்து உதைக்கப்பட்டது எனப் பிளாஸ்டர்ஸ் அணியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பயிற்றுநர் இவான் வுகோமனோவிச்சின் அழைப்பின்பேரில் அவர்கள் களத்தைவிட்டு வெளியேறினர். பெங்களூரு வெற்றிபெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தை மீண்டும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

மார்ச் 31 அன்று ஒழுங்குக் குழு கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்றுநருக்கு 10 ஆட்டத் தடையும் 5 இலட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பொது மன்னிப்புக் கோராவிடில் கழகத்தின் அபராதம் 6 கோடியாகவும் பயிற்றுநரின் அபராதம் 10 இலட்சமாகவும் உயரும் எனவும் அறிவித்தது. புள்ளிகள் குறைக்கப்படவில்லை. மேல்முறையீட்டுக் குழுவும், பின்னர் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமும் கழகத்தின் முறையீட்டை ஏற்கவில்லை.

இன்டர் காசி (2025)

2025 சனவரியில் ஐ-லீக் ஆட்டமொன்றில் நாம்தாரி அணி 2-0 என இன்டர் காசியை வென்றது. மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையால் அவ்வாட்டத்தில் ஆடத் தகுதியற்றிருந்த ஒருவரை நாம்தாரி களமிறக்கியதாக முறையிடப்பட்டது. ஒழுங்குக் குழு ஆட்டத்தை இன்டர் காசிக்கு வழங்கியது. மேல்முறையீட்டுக் குழு அதனை மாற்றியது. பருவ முடிவில் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளுடனும் இன்டர் காசி 39 புள்ளிகளுடனும் இருந்தன. ஏப்பிரலில் சர்ச்சில் பிரதர்ஸ் வாகையராக அறிவிக்கப்பட்டுக் கோப்பையும் வழங்கப்பட்டது. ஜூன், ஜூலை மாதங்களில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்புகளால் நிலை மாறி, இன்டர் காசியே வாகையர் என முடிவாயிற்று. களத்தில் முடிந்த தொடரின் வெற்றியாளர் யார் என்பது மூன்று மாதங்கள் கழித்தே தெளிவானது.

ஒப்பீடு

மேற்கண்ட முதல் மூன்று வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் பின்வரும் வேறுபாடுகள் புலப்படுகின்றன.

- மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்சும் ஆட்டத்தைக் கைவிட்டன. முதலாவதற்கு இரண்டாண்டு நீக்கமும், அது நீக்கப்பட்டபின் அபராதமும் புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டன. இரண்டாவதற்குப் பெரும்பகுதி பணத் தண்டனையே. ஆட்டக்காரர் காயமுற்ற அணியே கூடுதலான விளையாட்டுத் தண்டனை பெற்றது.
- எப்சி கோவா ஆட்டத்தை முழுமையாக ஆடி முடித்தது. எனினும் அதற்கு முதலில் விதிக்கப்பட்ட அபராதம், ஆட்டத்தைக் கைவிட்ட மற்ற இரு அணிகளின் அபராதங்களையும் விடப் பன்மடங்கு மிகுதி.
- மூன்று வழக்குகளிலும் இறுதி முடிவை எடுத்த அமைப்புகள் வெவ்வேறானவை.

விதியிலேயே தண்டனை உறுதியாக எழுதப்பட்டிருந்தால் சூழ்நிலையைக் கருத இடமிருப்பதில்லை. அது மிகக் கடுமையாகத் தோன்றும்போது விதி தளர்த்தப்படுகிறது. குழுவின் விருப்பத்துக்கு விடப்பட்டால் ஒத்த தவறுகளுக்கு ஒத்த தண்டனை கிடைக்கும் என்ற உறுதி இருப்பதில்லை. தவறுக்கேற்ற தண்டனை எல்லையை முன்கூட்டியே வெளியிட்டு, அதற்குள் கூட்டவோ குறைக்கவோ காரணங்களை எழுதித் தருவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

பிற நாடுகளிலும் பிற விளையாட்டிலும்

மேல்முறையீட்டில் தண்டனை குறைவது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியில் 2006 ஆம் ஆண்டின் நடுவர் நியமன ஊழலில் யுவென்டசு இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அதற்கு விதிக்கப்பட்ட 30 புள்ளிக் குறைப்பு முதலில் 17 ஆகவும் பின்னர் 9 ஆகவும் ஆனது. இங்கிலாந்தில் நிதி விதிகளை மீறிய எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. 2024 பெப்ரவரியில் அது 6 ஆக்கப்பட்டது.

இந்தியன் பிரீமியர் லீக் துடுப்பாட்டத்தில் 2013 ஆம் ஆண்டின் சூதாட்ட விவகாரத்தைத் தொடர்ந்து, நீதிபதி லோதா குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை சூப்பர் கிங்சு, இராசத்தான் ராயல்சு அணிகளை இரண்டாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. சூதாட்டத்தில் தொடர்பற்ற ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குச் செல்லவேண்டியதாயிற்று. 2016, 2017 பருவங்களில் சென்னை இரசிகர்களுக்குச் சொந்த அணி இல்லாமற்போனது. அதே விவகாரத்தில் சிறீசாந்த்துக்கு விதிக்கப்பட்ட வாழ்நாள் தடையை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விலக்கி, தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யப் பணித்தது. அது பின்னர் ஏழாண்டுத் தடையாக மாற்றப்பட்டது.

தண்டனையைச் சுமப்போர்

தவறிழைக்காதோர் தண்டனையைச் சுமப்பதற்கு 2022 ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தடை ஓர் எடுத்துக்காட்டாகும். கூட்டமைப்பின் நிருவாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி, பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபா ஆகஸ்டு மாத நடுவில் இந்தியாவை இடைநிறுத்தியது. அவ்வேளையில் ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காக உசுபெக்கிசுத்தானின் தாசுகந்து நகரை அடைந்திருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி, ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பியது. ஆகஸ்டு 26 அன்று தடை நீக்கப்பட்டதால், அக்டோபரில் இந்தியாவில் திட்டமிடப்பட்டிருந்த 17 வயதிற்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பை தப்பியது.

இத்தகைய தடைகள் சிறிய ஊர்களிலிருந்து வரும் ஆட்டக்காரர்களைக் கூடுதலாகத் தாக்குகின்றன. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம் மகளிர் கால்பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்றது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் ஆகியோர் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதமி அணி 2017-18 இந்திய மகளிர் லீக் தொடரில் ஆடியது. பெரும் கழகம் 2 கோடி அபராதத்தைச் செலுத்தி மீளக்கூடும். ஆனால் ஆண்டுக்குச் சில ஆட்டங்களே கிடைக்கும் ஒரு மகளிர் அணிக்கு, இழந்த போட்டிக்கு ஈடு இல்லை.

இவற்றையும் பார்க்க

- அனைத்திந்திய கால்பந்துக் கூட்டமைப்பு
- இந்தியன் சூப்பர் லீக்
- ஐ-லீக்
- இந்திய மகளிர் லீக்
- விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம்