ஈட்டி மரமும் விலா எலும்பும்

கிதாரின் உடம்பு ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டால், நாதம் அப்படிக் கேட்கிறது என்று பதில் வரும். அதன் சரித்திரத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தப் பதில் முழுவதும் நிற்காது என்பது என் அபிப்ராயம். நாதம் கேட்டது கொஞ்சம். பழக்கம் கேட்டது அதிகம். போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு இதைப் பற்றி யோசிக்க எனக்குக் காரணம் உண்டு. ஊருக்கு மேற்கே எழுந்து நிற்பது அந்தப் பழக்கத்துக்கு மரம் கொடுத்த மலைத்தொடர்.

இன்றைய கிதாரின் அளவுகளை நிலைநிறுத்தியவர் ஸ்பெயின் தேசத்து அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). தச்சு வேலை பயின்றவர். மேல் பலகைதான் பாடுகிறது, மற்றவை அதைத் தாங்கி நிற்கின்றன என்பது அவர் துணிபு. இதை நிரூபிக்க 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் ஆக்கி, மேலே மட்டும் நல்ல மரப் பலகை வைத்து ஒரு கிதார் செய்தார். பின்னால் வந்தவர்கள் தோரஸின் அளவுகளை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அட்டை சொன்ன பாடத்தை மறந்துவிட்டார்கள். முதுகுக்கு ரோஸ்வுட்தான் என்பது மரபாயிற்று. முதலில் பிரேஸில் மரம். 1960களின் இறுதியில் அது கிடைப்பது அரிதாகவே, பென்ஸில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரிலிருக்கும் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்கு. தோதகத்தி என்றும் சொல்வோம். ஊதாச் சாயல் ஓடிய கரும்பழுப்பு வைரம். அது பாய்வதற்கு ஒரு மனிதனின் ஆயுள் போதாது. கட்டிலும் பீரோவுமாக ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த மரம் அது. தமிழ்நாட்டில் 1994-ல் அதைக் காக்கத் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. 2017-ல் அதன் இனம் முழுவதும் சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இந்த இடத்தில் முக்கியமானது. முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரமாக 6 கிதார்கள் செய்து, எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காகித அட்டை சொன்னதை 156 வருஷம் கழித்து இவர்கள் எண்களில் சொன்னார்கள். நாதத்தின் பேரால் விழுந்த மரங்களில் பல பழக்கத்துக்காக விழுந்தவை என்றுதான் இதற்கு அர்த்தம்.

மரத்தின் கதை இப்படி என்றால், வடிவத்தின் கதையும் வேறல்ல. 1916-ல் டிட்சன் என்ற வியாபாரிகளுக்காக மார்ட்டின் ஒரு பெரிய கிதாரைச் செய்தது. அதற்கு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள்: டிரெட்நாட். பாட்டுக்காரனின் குரலுக்கு ஈடுகொடுக்கும் சத்தம் வேண்டியிருந்தது, பெட்டி பெருத்தது. வாசிப்பவனின் உடம்பை யாரும் அளந்து பார்க்கவில்லை. பெட்டியின் மேல் விளிம்பு வலது முன்கையை அறுக்கும். முதுகின் விளிம்பு விலாவில் குத்தும். தோள் காதுவரை உயரும். தந்திகளைப் பார்க்கக் கழுத்தை வளைத்து எட்ட வேண்டும். குட்டையானவர்களுக்கும் பெண்களுக்கும் இது இன்னும் அதிகம். இதைச் சாதகத்தின் ஒரு பகுதி என்று எண்ணியே தலைமுறைகள் வாசித்தன.

1984-ல் கனடாவைச் சேர்ந்த லிண்டா மான்ஸர், பாட் மெதீனி என்ற ஜாஸ் கலைஞருக்காக 42 தந்திகள் கொண்ட ஒரு கிதாரைச் செய்து முடித்தார். அத்தனை தந்திகளையும் வாசிப்பவர் பார்க்க வேண்டுமே. அதற்காகப் பெட்டியை ஆப்பு மாதிரி ஆக்கினார்: கைக்கு அடியில் வரும் பக்கம் மெலிந்தும், தொடைமேல் இருக்கும் பக்கம் தடித்தும். மேல் பலகை வாசிப்பவரின் முகத்தை நோக்கிச் சற்றே சாய்ந்தது. பிறகு சாதாரண ஆறு தந்திக் கிதார்களுக்கும் இந்த வடிவம் வந்தது.

இதன் கணக்கு எளிது. பெட்டி 4 அங்குல ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மேல் பக்கத்தை மூன்றரையாகவும் கீழ்ப் பக்கத்தை நாலரையாகவும் ஆக்கினால் சராசரி அதே 4. உள்ளிருக்கும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. வேலைதான் கூடுகிறது. வழக்கமான கிதாரில் இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரே அச்சில் இரண்டையும் வெட்டி, ஏறக்குறைய 2 மி.மீ. கனத்துக்கு இழைத்து, நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயில் வளைத்துவிடலாம். ஆப்பு வடிவத்தில் இரண்டும் இரண்டு அகலம். கழுத்துக் கட்டையையும் வால் கட்டையையும் முதுகு உட்காரும் இடத்தில் சாய்த்துச் சீவ வேண்டும். கழுத்து மேல் பலகையின் நேரில் நிற்க, அதன் அடிப்பாகம் மட்டும் முதுகின் சாய்வுக்கு இணங்க வேண்டும். சிரமம் முழுவதும் செய்பவரின் பட்டறையில். இதுவரை அதை வாசிப்பவர் தம் தோளிலும் விலாவிலும் சுமந்துகொண்டிருந்தார்.

நம் வீணை இதை வேறு விதத்தில் எப்போதோ யோசித்திருக்கிறது. தஞ்சாவூர் வீணையின் பலாமரக் குடம் தரையில் உட்காருகிறது. மறுமுனையின் சுரைக்காய் இடது தொடையில் தங்குகிறது. சம்மணமிட்டு உட்காரும் ஒரு உடம்பை முன்னால் வைத்துக்கொண்டு செய்த வடிவம் அது. நாற்காலிக்கு அது ஒத்துவராது என்பதே அதற்குச் சான்று.

போடியிலிருந்து மலையடிவாரமாகவே தெற்கே போனால் தேவாரம் தாண்டிப் பண்ணைப்புரம். அங்கே 1943-ல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, ஸலில் சௌத்ரியின் குழுவில் கிதார் வாசித்து, 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். இந்த அடிவாரத்தின் பாட்டு அன்னிய வாத்தியத்துக்குள் இடம் பிடித்துக்கொண்டது. இசை இணங்கியது, பெட்டி இணங்கவில்லை. மரம் நம்முடையது, பாட்டும் நம்முடையது, இடையில் இருக்கும் வடிவம் மட்டும் வேறு எவருடைய தேவைக்கோ வெட்டியது என்ற நிலை யாருக்கும் உறுத்தவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

உருவம் பற்றி நாம் ஓயாமல் சர்ச்சை செய்கிறோம். மரபு என்கிறோம், மீறல் என்கிறோம். மான்ஸர் மரபை எதிர்த்து அறிக்கை எழுதவில்லை. தந்தி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஒரு தேவையிலிருந்து புறப்பட்டு, மாற்றக் கூடாதது என்று எல்லோரும் நம்பியிருந்ததை அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று அளந்து சாய்த்தார். நாதம் கெடவில்லை. இந்த உருவம் யார் விலாவில் குத்துகிறது என்ற கேள்வியோடு நம் சர்ச்சையையும் ஆரம்பிக்கலாம்.