பார்க்கின்சன் நடை: லண்டன் தெருவிலிருந்து தோ பாயோவுக்கு

பார்க்கின்சன் நோயாளியின் நடையை மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறது. தொடக்கத்தில் அது கண்ணால் கண்ட குறியாக இருந்தது. பின்னர் மூளையில் குறைந்துபோன ஒரு வேதிப்பொருளின் விளைவாக அறியப்பட்டது. இன்று, நடப்பவருக்கும் அவர் நடக்கும் இடத்துக்கும் உள்ள உறவாகவும் அது புரிந்துகொள்ளப்படுகிறது. இந்த மூன்றாவது புரிதலின்படி, சிங்கப்பூரின் தோ பாயோ போன்ற குடியிருப்பு நகரின் தரையும் வாசலும் சாலைக் கடப்பும் சிகிச்சைக்குள் அடங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கண்ணால் கண்ட காலம்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் வெளியிட்ட சிறுநூல் ஆறு பேரை மட்டுமே விவரிக்கிறது. அவர்களில் சிலரை அவர் கண்டது தெருவில்தான். உடல் முன்னே சாய்ந்து, நடை தானாக ஓட்டமாக மாறுவதை அவர் நுட்பமாகக் குறித்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். அசைவு மந்தமாவதற்குத் தசையின் வலுவிழப்பு காரணமல்ல என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

வேதிப்பொருளின் காலம்

1919இல் ட்ரெத்தியாகோஃப், இந்நோயாளிகளின் நடுமூளையில் கருநிறமான ஒரு பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தனர். அது இந்நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. டோபமீன் மூளையில் ஆற்றும் பணியை 1950களின் இறுதியில் ஆர்விட் கார்ல்சன் வெளிக்கொணர்ந்தார். நோயாளிகளின் மூளையில் அது குறைந்திருப்பதை 1960இல் ஹோர்னிகீவிச் குழு நிறுவியது. 1967இல் கோட்ஸியாஸ், மூளையில் டோபமீனாக மாறும் டோபாவை வாய்வழியே உயர்ந்த அளவில் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார்.

இம்மருந்தால் காலடி நீள்கிறது, வேகம் கூடுகிறது. ஆனால் நோய் முற்றும்போது சமநிலை தவறுவதையும், கால் திடீரென உறைந்து நிற்பதையும் அது முழுமையாகத் தீர்ப்பதில்லை. எஞ்சிய இச்சிக்கலே ஆய்வாளர்களின் கவனத்தைத் தரையின் பக்கம் திருப்பியது.

தரையின் காலம்

அதே 1967இல் வெளிவந்த பர்டன் மார்ட்டினின் நூல், தரையில் குறுக்காக இட்ட கோடுகளைக் கண்டதும் இத்தகைய நோயாளிகளின் நடை சீராவதைப் பதிவுசெய்தது. 1990களில் மெக் மாரிஸும் அவருடைய ஆஸ்திரேலியக் குழுவினரும் இதன் அடிப்படையை விளக்கினர். அடிகளை எடுத்துவைக்கும் வேகத்தை மாற்றும் திறன் நோயாளியிடம் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. ஒவ்வோர் அடியின் நீளத்தையும் தானாக முறைப்படுத்தும் திறனே குலைகிறது. குறுக்குக் கோடு அடியின் நீளத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. தாள ஒலி காதுக்குச் சொல்லிவிடுகிறது. தன்னியக்கமாக நடக்க வேண்டிய செயல் கவனத்தின் பொறுப்புக்கு மாறுகிறது. பேசிக்கொண்டோ பொருளைச் சுமந்துகொண்டோ நடக்கும்போது தடுமாற்றம் கூடுவதும் இதனால்தான். குறுகிய வாசல், திரும்பும் இடம், கூட்டம், அவசரம் ஆகியவை காலை உறையவைக்கும் சூழல்கள்.

தோ பாயோவில் பொருத்திப் பார்த்தால்

மேற்கண்ட மருத்துவத் திருப்பங்கள் நிகழ்ந்த அதே 1960களில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோ பாயோவைக் கட்டத் தொடங்கியது. அன்று இளங்குடும்பங்களாகக் குடியேறியவர்கள் இன்று முதியோர். சிங்கப்பூரில் ஐம்பது வயதைத் தாண்டிய 9,000 சீனர், 3,000 மலாய்க்காரர், 3,000 இந்தியர் ஆகியோரிடம் வீடுவீடாக நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, இந்நோய் ஏறத்தாழ ஆயிரத்தில் மூவருக்கு இருப்பதாகக் கண்டது. மூன்று இனங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு வரும் தமிழ் மூத்தோருக்கும் இது அந்நியமான நோயல்ல.

பழைய புளோக்குகளின் மின்தூக்கிகள் முன்பு எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் அக்குறையைப் போக்க முனைந்தது. முழங்கால் வலிக்காரருக்கு அது பெரும் விடுதலை. பார்க்கின்சன் நோயாளிக்கோ நிலைமை சற்றுச் சிக்கலானது. படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பும் குறுக்குக் கோட்டைப் போல் காலுக்கு வழிகாட்டுவதால், சமதரையில் தடுமாறும் சிலர் படியில் நன்றாகவே ஏறுகிறார்கள். விழும் அபாயம் இருப்பதால் படியைத் தீர்வாகச் சொல்ல முடியாது. ஆனால் குறுகலான வாசலும், எந்நேரமும் மூடிக்கொள்ளும் கதவும், பின்னால் காத்திருப்போரும் சேர்ந்த மின்தூக்கி முகப்பு, கால் உறைவதற்கான எல்லாச் சூழலையும் ஓரிடத்தில் கூட்டிவைக்கிறது.

சாலைக் கடப்பிலும் இதே நுட்பம் உண்டு. 2009இல் அறிமுகமான திட்டத்தின்கீழ், மூத்தோர் தம் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும். 2023இல் அறிவிக்கப்பட்ட, பாதசாரிகளுக்கு இணக்கமான தெருக்களுக்கான முன்னோட்டத் திட்டத்தில் தோ பாயோவும் இடம்பெற்றது. கூடுதல் நேரம் அவசரத்தைத் தணிக்கும். ஆனால் அடியின் நீளத்தைக் காட்டாது. நடப்பவருக்குக் குறுக்கே கிடக்கும் வரிக்குதிரைக் கோடுகள் அந்த வேலையையும் செய்யக்கூடியவை.

முடிவுரை

நேரமும் தளவசதியும் நகரத் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. கண்ணுக்கான குறிப்பும் இடம்பெற வேண்டும். மின்தூக்கி முகப்பு, எம்ஆர்டி நுழைவாயில், பலதுறை மருந்தகத்தின் வாசல் ஆகியவற்றில் குறுக்குக் கோடுகளை இட்டு, நோயாளிகளையே நடக்கச்செய்து, பலனை அளந்து பார்க்கலாம். அண்டை வீட்டாரும் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்: உறைந்து நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்தால் அவர் விழக்கூடும், நின்று, மூச்சுவிட அவகாசம் தந்து, “ஒன்று, இரண்டு” என எண்ணினால் கால் நகரக்கூடும். பெயின்ட் செலவும் சிறிது பொறுமையும் மட்டுமே கேட்கும் இவ்வுதவியை, மருந்து எட்டாத இடத்தில் மறுப்பதற்கு ஒரு நகரத்துக்கு நியாயமில்லை.